மாலைக்கண்ணும் மணல் உறுத்தலும்

ஆடி பிறந்துவிட்டால் ராஜபாளையத்துக்குக் காற்று மலையிலிருந்து இறங்கி வரும். மேற்கே கேரளத்துச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றி இந்தப் பக்கம் இறங்குகிற காற்று அது. தென்காசிச் சாலையின் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்க வருகிற கூட்டத்துக்கும் இதே காற்றுதான், இதே புழுதிதான். இந்த மாதங்களில் மருந்துக் கடைப் பக்கம் சற்று நேரம் நின்றால் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும்.

“அண்ணாச்சி, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே உறுத்துது. போன தடவை குடுத்த சொட்டு மருந்தே குடுங்க.”

கேட்பவர் யாராகவும் இருக்கலாம். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிற மில் தொழிலாளி, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. கணக்குப் போடுகிற பெண், கண்புரை அறுவை செய்துகொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர், பால்கோவா அடுப்படியில் நின்று பழகியவர். டாக்டர் சீட்டில் கண் வறட்சி என்றும், அதற்குக் கீழே செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து என்றும் இருக்கும். விவரம் கேட்டவுடன் பலரும் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: “கண்ணுல தண்ணியா ஊத்துது. காஞ்சு போச்சுங்கிறாங்களே, அதெப்படி?”

அதற்குப் பதில் இருக்கிறது, வருகிறேன். அதற்கு முன்னால், இதே கரிசல் வட்டாரத்தில் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்பு கண் காய்வதென்றால் என்னவாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அன்று காய்ந்தது குழந்தைகளின் கண்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை தடுமாறும். பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை, பொழுது சாய்ந்ததும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். தட்டில் சோறு எங்கே இருக்கிறது என்று கையால் துழாவும். அதுதான் மாலைக்கண். அதோடு விட்டால் அடுத்த கட்டம் வரும். வெள்ளை விழியின் ஓரத்தில், சோப்பு நுரை ஒட்டியதுபோல் ஒரு சாம்பல் வெள்ளைத் திட்டு தோன்றும். 1863இல் பிரெஞ்சு மருத்துவர் பித்தோ இதை விவரித்தார். இன்றும் கண் மருத்துவத்தில் அது பித்தோ புள்ளிதான். அதற்கடுத்து விழியின் பளபளப்பு மங்கும், கருவிழி வறண்டு சொரசொரக்கும், கடைசியில் சில நாட்களுக்குள் கருவிழியே குழைந்து கரைந்து போகும். அந்தக் கட்டத்துக்குப் போன பிள்ளைகளில் பலருக்குப் பார்வை திரும்பவில்லை. பலர் உயிரோடும் இருக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் வைட்டமின் ஏ போதாமை. கண்ணீர் விழியில் ஒட்டி நிற்க வேண்டுமானால் வெள்ளை விழியின் மேல்தோலில் உள்ள சிறு செல்கள் ஒரு வழவழப்பைச் சுரந்துகொண்டே இருக்க வேண்டும். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் அந்தச் செல்கள் மறைந்து, விழியின் மேற்பரப்பு உள்ளங்கைத் தோலைப்போல் தடித்துவிடும். பிறகு எவ்வளவு கண்ணீர் சுரந்தாலும் நிற்காது. தட்டம்மை வந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் வேகமாக வந்தது. அம்மைக் காய்ச்சல் உடம்பில் சேர்ந்திருந்த வைட்டமின் ஏயைக் கரைத்துவிடும். வீட்டிலோ பத்தியம் என்று வெறும் கஞ்சியில் நிறுத்தியிருப்பார்கள். எண்ணெய் இல்லை, கீரை இல்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் கண் போயிருக்கும். அம்மையில் கண் போன பிள்ளை என்று ஊருக்கு ஊர் யாரையாவது சுட்டிக்காட்டிய காலம் அது. குற்றம் தாய்மார்களுடையது அல்ல. அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை, சொல்லியிருந்தாலும் பல வீடுகளில் பாலுக்கும் முட்டைக்கும் வழியில்லை. கொல்லையில் முருங்கை நின்றது. அது மருந்து என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

அந்த நோயை எதிர்த்து நின்றவர்களில் சிலர் இந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள் என்பதைப் பெருமையோடு சொல்லலாம். விருதுநகரில் பிறந்த காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கினார். அந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த அவர், 1970களின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஊட்டச்சத்து மையம் ஏற்படுத்தினார். கண் காய்ந்த குழந்தைகளைத் தாயோடு சேர்த்துத் தங்கவைத்து, ஊரில் மலிவாகக் கிடைக்கிற தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றை எப்படிச் சமைத்துக் கொடுப்பது என்று தாய்க்குப் பழக்கிவிட்டு அனுப்பினார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் அன்டோனெட் பிரி அந்த வேலைக்குத் துணை நின்றார். கண் டாக்டர் ஒருவர் சொட்டு மருந்தோடு நின்றுவிடாமல் அடுப்படி வரைக்கும் போனார் என்பது சாதாரணக் காரியம் இல்லை. அவரே 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

மத்திய அரசு 1970இல் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் அதன்வழி அங்கன்வாடிகளும் வந்தன. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. அரவிந்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் திருச்சி மாவட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 1990இல் வெளியிட்டார்கள். வாரம் ஒரு முறை சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கென்று கொடுத்தது உயிரையே பிடித்து நிறுத்தியது. இன்றும் 9 மாதத்தில் முதல் தவணை 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் என்று ஒன்பது தவணை கொடுக்கிறார்கள். தட்டம்மைத் தடுப்பூசியும் சேர்ந்துகொண்டதில், பித்தோ புள்ளியைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்த இளம் டாக்டர்கள் இப்போது இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் அன்று கண் எரிந்தது, உறுத்தியது. விறகடுப்புப் புகை, களத்துமேட்டுத் தூசி, கரிசல் வெயில். அதற்கு வீட்டில் கைவைத்தியம் இருந்தது. நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிள்ளை பெற்றவளிடம் கேட்டுத் தாய்ப்பால் இரண்டு சொட்டு விடுவார்கள். ராத்திரி படுக்கும்போது விளக்கெண்ணெய் ஒரு துளி. மூக்குத்தண்டும் இமையும் கனத்தால் வெந்நீர் ஒத்தடம்.

இந்தக் கைவைத்தியத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதில் பாதி சரியான யோசனை. ஆனால் மறு பாதி கண்ணைக் கெடுத்திருக்கிறது. மதுரை மாவட்டத்தில் 1990களில் செய்த ஓர் ஆய்வு, லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. வயல் வேலையில் நெல் தாளோ குச்சியோ கீறி வருகிற புண்களே அதிகம். கீறின கண்ணில் சுத்தமில்லாத எதை விட்டாலும், அது பச்சிலைச் சாறோ பாலோ எண்ணெயோ, கிருமிக்கும் பூஞ்சைக்கும் கதவு திறந்த கதைதான். ஆகவே பழைய மருத்துவத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

விளக்கெண்ணெய்க்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. கண்ணீரில் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும்: விழியோடு ஒட்டுகிற வழவழப்பு, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். ரசத்தின் மேல் மிதக்கிற எண்ணெய் ஆவியைக் கொஞ்சம் அடக்கி வைப்பதுபோல, அந்த எண்ணெய்தான் கண்ணீரை ஆவியாகிவிடாமல் காக்கிறது. அதைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக உள்ள சுரப்பிகள். 1666இல் ஜெர்மானிய மருத்துவர் மைபோம் அவற்றை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. இன்று கண் வறட்சியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நீர் சுரப்பது ஓரளவு நன்றாகவே இருக்கிறது. எண்ணெய்தான் கெட்டியாகி அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் இன்றைய மருந்துக் கம்பெனிகள் சில சொட்டு மருந்துகளில் சுத்திகரித்த ஆமணக்கு எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைத்துக் கலக்கிறார்கள். வீட்டு விளக்கெண்ணெயை அப்படியே விடுவதற்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது. கிருமி நீக்கம் செய்வதில்தான் மருந்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் உள்ள தூரம் இருக்கிறது. ஒத்தடமோ முழுசாக ஜெயித்துவிட்டது. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிடம் வைத்து, பிறகு இமை விளிம்பை மெல்ல நீவிவிடு என்று இன்றைய கண் டாக்டரும் சொல்கிறார். சூட்டில் அந்த எண்ணெய் இளகும்.

இனி அந்தக் கேள்வி. கண் காய்ந்தால் ஏன் தண்ணீராக ஊற்றுகிறது? எண்ணெய்ப் படலம் உடைந்து விழி ஆங்காங்கே வெளியில் தெரிந்தவுடன் அங்குள்ள நரம்புகள் எரிகிறது, எரிகிறது என்று மூளைக்குச் சொல்லும். மூளை பெரிய கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடும். திடீரென்று வருகிற அந்தக் கண்ணீரில் நீர்தான் அதிகம், வழவழப்பும் எண்ணெயும் போதாது. அது விழியில் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். துடைத்துவிட்டுப் பார்த்தால் விழி மறுபடி காய்ந்திருக்கும். ஊற்றுவது, காய்ந்ததற்கு அடையாளம்.

இதைக் கண் டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று அருகில் இருந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு எளிமை. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் துண்டு ஒன்று, அளவுகோல்போல் கோடு போட்டது. அதன் நுனியை மடித்துக் கீழிமையின் வெளியோரத்தில் மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். கன்னத்தின்மேல் ஒரு காகிதம் தொங்கிக்கொண்டிருக்கும். 5 நிமிடம் கழித்து எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் நீர் பரவாயில்லை. 5க்குக் கீழே என்றால் வறட்சி கடுமை. ஓட்டோ ஷிர்மர் 1903இல் சொன்ன சோதனை இது. அடுத்தது எண்ணெய்க்கு. ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கடியில் பார்த்தால் விழி முழுக்கப் பச்சையாக ஒளிரும். இமைத்துவிட்டுத் திறந்து வைத்திருக்கச் சொல்லி எண்ணுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று… பத்து நொடிக்குள் அந்தப் பச்சையில் கறுப்புப் பொட்டுகள் விழுந்தால் கண்ணீர்ப் படலம் நிலைக்கவில்லை என்று அர்த்தம். சிலருக்கு நாலு எண்ணுவதற்குள் விழுந்துவிடும்.

எது மாறியது? வயிறு நிறைந்தது, பார்வை திரையில் நிலைத்துவிட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் இமைக்கிறது. அப்போதும் இமை முழுசாக மூடுவதில்லை, பாதி வந்து திரும்பிவிடுகிறது. இமை அழுந்த மூடினால்தான் விளிம்புச் சுரப்பியிலிருந்து எண்ணெய் வெளியே வரும். செல்போனும் கம்ப்யூட்டரும் ஏ.சி. அறையும் சேர்ந்தால் வறட்சிக்கு வேறென்ன வேண்டும்? 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது அங்கன்வாடி வயதைக் கடந்த பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தார்கள்.

ராஜபாளையத்தின் கதையில் திரைக்கு முன்பே பஞ்சு இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் பொழுது மில் சங்கை வைத்து விடிந்தது. நூற்பு ஆலைக்குள் காற்று காயக் கூடாது. காய்ந்தால் இழை அறும். அதனால் ஈரப்பதம் கொடுக்கத் தனி இயந்திரமே வைத்து ஐம்பத்தைந்து, அறுபது சதவீதத்தில் நிறுத்துகிறார்கள். அந்த ஈரத்தைப் பார்த்தால் அங்கே கண் காயாது என்றே தோன்றும். ஆனால் ரிங் பிரேம்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஓடுகிற ஓவர்ஹெட் கிளீனர், படிந்த பஞ்சை ஊதித் தள்ளிக்கொண்டே போகிறது. அந்தக் காற்றும் பறக்கும் பஞ்சும் கீழே நிற்கிறவர் முகத்தில்தான் அடிக்கும். அவர் ஓடுகிற நூற்றுக்கணக்கான கதிர்களில் எங்கே இழை அறுந்திருக்கிறது என்று இமைக்காமல் தேடிக்கொண்டிருப்பார். அறுந்ததை விரலால் பிடித்து ஒட்டிவிட்டு அடுத்ததைத் தேடுவார். இது இரவு ஷிப்டில், தூக்கத்தோடு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்கின்றன. நாட்டில் எத்தனையோ பேர் புண்ணையும் கண்ணையும் கட்டின துணி இங்கே தறியில் வந்தது. அதை நெய்தவர்கள் கண்ணிலும் பஞ்சு விழுந்துகொண்டுதான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சேலை நெசவாளரும் இழைமேல் கண் வைத்தவர்தான். இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் திரைமேல் கண் வைத்திருக்கிறார்கள்.

பல பத்தாண்டுகள் ஆலைகளை ஆண்ட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் செயற்கை ஈரப்பதத்துக்கு 15ஆவது பிரிவு இருந்தது. கண் பாதுகாப்புக்கு 35ஆவது பிரிவு இருந்தது. அது பறந்து வந்து தெறிக்கும் துகளையும் கூசும் ஒளியையும் பேசியது. இமைக்க மறந்து எட்டு மணி நேரம் உற்றுப் பார்க்கிற வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. குழந்தைகளின் கண் காய்ந்தபோது அரசு வந்தது, மருத்துவமனை வந்தது, சத்துணவுக் கூடம் வந்தது. வேலை செய்கிறவரின் கண் காயும்போது அவரவர் கைக்காசில் ஒரு பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். இந்த மாற்றம் எனக்கு ஒப்பவில்லை. ஷிப்டுக்கு நடுவே கண்ணுக்கு ஐந்து நிமிடம், ஆண்டுக்கொரு கண் பரிசோதனை, முகத்துக்கு நேரே அடிக்கிற ஏ.சி. காற்றைத் திருப்பி வைப்பது, திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைப்பது, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடி பார்க்கச் சொல்வது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள் இவை.

பாட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை. எரிகிற கண்ணில் ஒரு சொட்டு விழும்போது கிடைக்கிற இதம் பொய்யில்லை, நானும் அந்தச் சொட்டுக்குக் கடமைப்பட்டவன்தான். ஆனால் எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். பெரும்பாலான பாட்டில்களில் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் இருக்கும். செடியின் நார்ப்பொருளிலிருந்து செய்வது, மக்கள் மருந்தகங்களிலும் மலிவாகக் கிடைக்கிறது. அரை சதவீதம் நீர்க்க இருக்கும், ஒரு சதவீதம் கெட்டியாக இருந்து கூடுதல் நேரம் நிற்கும். அடுத்தது ஹயலுரோனேட். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணுக்குள்ளிருந்து பிரித்தெடுத்த பொருள். இப்போது நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கிறார்கள். அது நீரை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் ஜெல். கார்போமர் போன்ற பொருளில் செய்வது. கீழிமையை இழுத்து ஒரு துளி வைத்தால் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். அதனால்தான் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். இமை சரியாக மூடாமல் தூங்குகிறவர்களுக்கும், விடியற்காலையில் கண்ணைத் திறக்கவே வலிக்கிறவர்களுக்கும் ஜெல்தான் நல்ல துணை. போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

பாட்டிலிலிருந்து விழுகிற ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக நிற்கிற கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர்தான். ஆக, ஒரு சொட்டே அதிகம். இரண்டு மூன்று சொட்டாகச் சேர்ந்து விடுகிறவர்கள் கன்னத்துக்குத்தான் மருந்து போடுகிறார்கள். வேறொரு மருந்தும் விட வேண்டியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும், ஜெல் கடைசியில். பாட்டில் நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது. திறந்த தேதியை லேபிளில் எழுதி வைத்து ஒரு மாதத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டும், பாதி மீதி இருந்தாலும். வீட்டுக்கு ஒரு பாட்டில் வைத்து எல்லாரும் விட்டுக்கொள்வது நம் பக்கம் சாதாரணம், அது கூடாது. பாட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கிற பென்ஸால்கோனியம் குளோரைடு, நாளுக்கு நாலைந்து தடவைக்கு மேல் விட்டால் விழியின் மேல்தோலை அரிக்கும். அடிக்கடி விட வேண்டியவர்கள் அது சேராத மருந்தாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு தடவை விட்டு எறிகிற குட்டிக் குப்பிகளும் வருகின்றன.

சுத்தம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023இல், சென்னைக்குப் பக்கத்து ஆலை ஒன்றில் தயாரித்து அமெரிக்காவுக்கு அனுப்பிய செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தி, மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் கிருமித் தொற்று அங்கே 18 மாநிலங்களில் 81 பேருக்கு வந்ததாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. நாலு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போயிற்று. இங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றார்கள். ஆலையை ஆய்வு செய்த அமெரிக்க அதிகாரிகள் தயாரிப்பு முறையில் குறைகளைப் பட்டியலிட்டார்கள். கண்ணில் விடுவது எதுவும் சின்ன மருந்து இல்லை.

மருந்துக் கடையில் நேர்கிற இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கண் சிவந்திருக்கிறது என்றவுடன் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை எடுத்துக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரே நாளில் சிவப்பு மறையும், உறுத்தல் போகும். அதனால் அதே பாட்டிலை மாதக்கணக்கில் வாங்கி விடுவார்கள். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெடுவதும், புரை விழுவதும் வலியில்லாமல் நடக்கும். தெரிய வரும்போது திரும்பப் பெற வழியிருக்காது. செயற்கைக் கண்ணீர் வேறு, ஸ்டீராய்டு வேறு. லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், லோட்டிபிரட்னால் என்று எது இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் விடக் கூடாது.

சொட்டு மருந்தால் தீராத வறட்சியும் உண்டு. சர்க்கரை நோய், மாதவிடாய் நின்ற பருவம், சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடுகிற மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் ஆகியவற்றாலும் கண் காயும். இவற்றில் பெண்கள்தான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறார்கள். மில்லிலும் தறியிலும் அடுப்படியிலும் நிற்கிற அக்காவோ மதினியோ கண்ணு எரியுது, காலையில் விரல் மடங்க மாட்டேங்குது, தண்ணி குடிக்காம இட்லி இறங்க மாட்டேங்குது என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், வயசானா அப்படித்தான் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் தன் ஆய்வேட்டில் எழுதியது இப்படிப்பட்ட 19 பெண்களைப் பற்றித்தான். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய் அது. இந்நோய் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். வடிதாள் சோதனையோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் வாதநோய் மருத்துவரின் ஆலோசனையும் அவர்களுக்கு வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கூட ஒருவர் போனால் நல்லது.